நல்ல நேரத்து ஒப்பந்தம்

ஒரு கப்பல் சரக்குப் பெட்டிக்குள் சின்ன வெங்காய மூட்டைகளும் ஓர் ஒப்பந்தமும் கடல் கடந்து போயின. வெங்காயத்துக்குச் சொந்த ஊர் ஒட்டன்சத்திரம். ஒப்பந்தத்தின் நகல், கதவின் உட்புறம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கியது. தலையில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள். கல்யாணப் பத்திரிகை தோற்றது போங்கள்.

வழியில் ஒரு துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் கப்பல் காத்துக் கிடந்தது. பெட்டிக்குள் ஒரே புழுக்கம். பினாங்கில் இறங்கியபோது அடி மூட்டைகள் கசிந்திருந்தன. மேல் மூட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே இறக்கிக் காற்றாடப் பிரித்துப் போட்டால் பாதிக்கு மேல் பிழைத்துவிடும்.

ஆனால் யாரும் இறக்கவில்லை. சரக்கை வாங்கிய அரசகுமாரன் கதவைத் திறந்தார், மோந்து பார்த்தார், சாத்தினார். அங்கேயே நின்று, விற்ற திருமலைசாமிக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் இருவர் குரலும் பெட்டிக்குள் கேட்டது.

"அண்ணே, சரக்கு அழுகி வந்திருக்கு. என் கைக்கு வர்ற வரைக்கும் உங்க பொறுப்புதானே?"

"தூத்துக்குடியில ஏத்துறப்ப கல்லாட்டம் இருந்துச்சுங்க தம்பி. கப்பல் ஏறினதுக்கப்புறம் அது உங்க சரக்குங்க."

"நான் அப்படி ஒத்துக்கலையே. இப்ப இதைத் தொட்டா ஏத்துக்கிட்டதா ஆயிடும். நான் தொட மாட்டேன்."

பேச்சு நின்றது. வெங்காயம் ஒப்பந்தத்தைக் கேட்டது.

"யார் பொறுப்புன்னு உன்கிட்ட இருக்குமே. சொல்லிடேன், எங்களை இறக்கட்டும்."

"இல்லையே," என்றது ஒப்பந்தம். "என்ன ரகம், எந்தக் கப்பல், எல்லாம் இருக்கு. கெட்டுப்போனா யார் பாடுன்னு இல்லை."

"ஏன் இல்லை?"

"கையெழுத்துப் போடறப்ப அரசகுமாரன் ஆரம்பிச்சாரு, 'ஒருவேளை வழியில கெட்டுப் போச்சுன்னா'ன்னு. திருமலைசாமி பதறிட்டாரு. 'நல்ல நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கோம், வாயில நல்ல வார்த்தை வரட்டுங்க தம்பி'ன்னாரு. அரசகுமாரனும் நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு. எழுதறதுக்கு இடம் இருந்துச்சு. அதுல மஞ்சளைத் தடவிட்டாங்க."

பெட்டி ஊர் ஊராகச் சுற்றி அலுத்த கிழட்டு இரும்பு. அதுக்கு இதெல்லாம் பழகிப்போன கதை.

"ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு இருக்கறப்பதான் சண்டையைப் பத்தி எழுத முடியும். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா எவன் ஒண்ணா உட்காருவான்?" என்றது.

ஏதோ ஒரு வீட்டில் சாம்பார் கொதிக்கும் என்றுதான் வெங்காயம் இத்தனை தூரம் வந்தது.

அப்புறம் வக்கீல்கள் வந்தார்கள். கடிதங்களில் அண்ணனும் தம்பியும் போய், 'மேற்படி நபர்' ஆனார்கள். வழக்கைத் திண்டுக்கல்லில் போட வேண்டும் என்றது ஒரு கடிதம். பினாங்கில்தான் என்றது இன்னொன்று. இரண்டு வக்கீல்களும் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதில் ஊர் எதுவும் சொல்லப்படவில்லை என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். வழக்கு எது என்பதற்கு முன்னால் வழக்கு எங்கே என்பதே ஒரு வழக்காயிற்று.

பெட்டியை யாரும் திறக்கவில்லை. மேல் மூட்டைகள் முளைவிட்டன. பிறகு அவையும் கசிந்தன. ஈ மொய்த்தது. துறைமுகக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, கதவைத் தட்டிப் பார்த்து, சரக்கை அப்புறப்படுத்தச் சொல்லி இருவருக்கும் நோட்டீஸ் அனுப்பினார்கள். எனக்கில்லை, அவருக்கு என்று இருவருமே பதில் எழுதினார்கள்.

வெங்காயம் மறுபடி ஒப்பந்தத்தைக் கேட்டது.

"இனி அடுப்படி ஆசை இல்லை. எங்களைக் குப்பையிலயாவது கொட்டச் சொல்லு. அது யார் வேலை?"

ஒப்பந்தம் உறைக்குள் நனைந்து ஒட்டிக் கிடந்தது. அப்படியே கிடந்து சொன்னது.

"அதையும் எழுதலை."