இருவாச்சி வாசலை அடைத்த கதை

அந்தக் காலத்தில் மலையில் இருந்த எல்லா உயிர்களுக்கும் பேச்சு இருந்தது. கதவுதான் யாருக்கும் இல்லை. புற்று, பொந்து, குகை, கூடு என்று எதை எடுத்தாலும் வாசல் திறந்தே கிடக்கும். வாசலில் நின்று ஒருவர் குரல் கொடுத்தால், உள்ளே இருப்பவர் என்ன வேலையில் இருந்தாலும் எழுந்து வெளியே வந்து, முகம் பார்த்துப் பேச வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்வது அந்தக் காட்டில் பெரிய மரியாதைக் குறைவு. எப்போதோ அப்படிச் செய்துவிட்ட ஒரு முள்ளம்பன்றியைப் பற்றி, அதன் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மரியாதையில் அலகாயியை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் ஓர் இருவாச்சிப் பறவை. நீளமான மஞ்சள் அலகு, அதன்மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு கொண்டை, பார்க்கவே ஆள் எடுப்பாக இருப்பாள். ஓடைக்கரை மருத மரத்தில், உயரத்தில் இருந்த ஒரு பொந்துதான் அவள் வீடு. மலையேறும் தடமும் ஓடைக்கு இறங்கும் தடமும் அந்த மரத்தடியில்தான் சந்தித்தன. தண்ணீருக்குப் போகிறவர்கள் எல்லோரும் அவள் வாசலைக் கடந்தாக வேண்டும். போதாததற்கு, அவள் தொலைதூரம் பறக்கிறவள். எந்தச் சரிவில் அத்தி பழுத்திருக்கிறது, எந்தப் பள்ளத்தில் நாவல் உதிர்ந்து கிடக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆகவே வழி கேட்க ஒருவர், பழம் கேட்க ஒருவர், ஒன்றும் கேட்காமல் சும்மா தலைகாட்டிவிட்டுப் போக ஒருவர் என்று மரத்தடியில் கூட்டம் ஓயாது. எல்லோருக்கும் அலகாயி எழுந்து வருவாள். பழம் இருந்தால் கொடுப்பாள். பழம் இல்லாத நாளில் இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசி அனுப்புவாள்.

போன வருஷம் அவள் இட்ட முட்டை பொரியவில்லை. காலம் கடந்தும் முட்டை முட்டையாகவே இருந்தது. பிறகு மழை வந்து பொந்துக்குள் சாரல் அடித்தது, அவ்வளவுதான். காடே துக்கம் கேட்க வந்தது. விதி என்றார்கள், திருஷ்டி என்றார்கள். அலகாயி ஒவ்வொருவருக்கும் எழுந்து வெளியே வந்து, வாங்க என்று சொல்லி, பழம் கொடுத்து அனுப்பினாள்.

இந்த வருஷமும் ஒரு முட்டை இட்டாள். மழைக்காலம் தொடங்குவதற்குள் அது பொரிந்து, குஞ்சும் கொஞ்சம் தேறிவிட வேண்டும். இல்லாவிட்டால் போன வருஷத்துக் கதைதான்.

அவள் கணவன் மூக்கையனுக்கு அந்தக் கவலை நிறையவே இருந்தது. இந்த முறை யார் வந்தாலும் எழுந்திருக்காதே என்றான். வாசலில் நிற்பவர்களை எப்படிப் போகச் சொல்வது, முள்ளம்பன்றிக்கு வந்த பேர் நமக்கும் வர வேண்டுமா என்று கேட்டாள் அவள். அப்படியானால் நானே வாசலில் உட்கார்ந்து எல்லோரையும் அனுப்பிவிடுகிறேன் என்று மூக்கையன் கிளையில் காவலுக்கு உட்கார்ந்தான்.

அந்தக் காவலைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். முதலில் வந்தது ஒரு மைனா. அலகாயி வேலையாக இருக்கிறாள் என்று மூக்கையன் கண்டிப்பாகச் சொன்னான். என்ன வேலை என்று மைனா கேட்டது. மூக்கையன் விளக்கினான். விளக்கம் போன வருஷத்திலிருந்து ஆரம்பித்தது. நடுவில் ஒரு தேதி மறந்துபோக, உள்ளே எட்டிப் பார்த்து, "ஏ புள்ள, ஒரு நிமிசம் வந்து இதுக்கு மட்டும் சொல்லிட்டுப் போ" என்றான். அவள் வந்து சொல்லிவிட்டுப் போனாள். பழுத்த அத்தி ஒன்று கொண்டுவந்தால் அதன் நிறத்தைக் காட்ட ஒரு கூப்பிடு, கீழே யானை போனால் அதைப் பார்க்க ஒரு கூப்பிடு. அன்று சாயங்காலம் யோசித்துப் பார்த்தபோது, வந்த விருந்தாளிகள் எல்லோரையும்விடக் காவல்காரன்தான் தன்னை அதிகமாக எழுப்பியிருக்கிறான் என்பது அலகாயிக்குத் தெரிந்தது. பாவம், நல்ல மனசுக்காரன். அவள் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் மூக்கையன் பழம் தேடப் போயிருந்த நேரத்தில் மலை அணில் சுருளி வந்தாள். செம்பழுப்பு ரோமமும் தன் உடம்பைவிட நீண்ட வாலுமாக, மரத்துக்கு மரம் தாவி, காட்டின் சேதியெல்லாம் சுமந்து திரிகிறவள். அலகாயிக்கு நெருங்கிய தோழி.

"மதினி, உட்கார நேரமில்ல. ஒரே ஒரு வார்த்தை" என்றாள், கிளையில் வசதியாகச் சாய்ந்துகொண்டு.

மேலைச் சரிவில் பலாப்பழத்துக்காக மந்திகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டனவாம். நீ வந்து சொன்னால்தான் கேட்குமாம், ஒரு நடை வந்துவிட்டுப் போ என்றாள். தன் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பா என்று அலகாயிக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. முட்டையைப் பார்த்தாள். இப்போது போய் இப்போது வந்துவிடலாம் என்று பறந்தாள். மந்திகள் ஆளாளுக்குப் பேசின. பேச்சு எந்தப் பக்கமும் முடியவில்லை.

திரும்பி வந்து முட்டையின் மேல் உட்கார்ந்தவள் திடுக்கிட்டு எழுந்தாள். வயிற்றில் சில்லென்ற ஓடைக் கூழாங்கல்லை வைத்தது போலிருந்தது.

மறுபடி உட்கார்ந்தாள். சிறகை விரித்து, கழுத்தை ஒடுக்கி, முட்டையைத் தன் உடம்புக்குள் இழுத்துக்கொள்வது போல அமர்ந்தாள். முதலில் ஓடு மட்டும் சூடாயிற்று. உள்ளே குளிர் அப்படியே இருந்தது. வெயில் மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. வாசலில் ஏதோ ஒரு குரல் கூப்பிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் எழுந்திருக்கவில்லை. முள்ளம்பன்றி ஞாபகம் வந்தது, பரவாயில்லை என்று இருந்தாள். வெகுநேரம் கழித்து, நம்பிக்கை போகப்போகிற சமயத்தில், வயிற்றுக்குக் கீழே மிக லேசாக ஏதோ அசைந்தது. உயிர் இன்னும் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. வருகிறவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் என்று கேட்டவர்கள் ஒரு நிமிஷம்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் முட்டையிடமிருந்து சூடு போக ஒரு நிமிஷம் போதும். அது திரும்பி உள்வரைக்கும் இறங்க அரைப்பொழுது வேண்டும். அந்த அரைப்பொழுது முடிவதற்குள் அடுத்தவர் வந்து நிற்கிறார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில் நாள் முழுக்கச் சூடானது முட்டையின் ஓடு மட்டும்தான்.

மூக்கையன் வந்ததும், ஓடைக்கரையிலிருந்து களிமண் கொண்டுவரச் சொன்னாள். தரை பூசத்தான் கேட்கிறாள் என்று நினைத்து அவன் அலகு அலகாகக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் அதில் பழச் சக்கையையும் எச்சத்தையும் குழைத்தாள். பொந்துக்குள் போய்த் திரும்பி நின்று, அலகின் பக்கவாட்டால் தட்டித் தட்டி வாசலின் ஓரத்திலிருந்து பூசிக்கொண்டே வந்தாள். வாசல் சிறிதாகிக்கொண்டே போனது. மூக்கையன் அதைக் கொஞ்சநேரம் வேடிக்கை பார்த்தான்.

"நீ உள்ள இருக்கே" என்றான், அவளுக்கு அது தெரியாதோ என்று சந்தேகப்பட்டவன் போல.

"ஆமா."

"இப்படி அடைச்சா எப்படி வெளிய வருவே?"

"வரப்போறதில்ல. குஞ்சு வந்த பெறகுதான் வருவேன். உங்க மூக்கு நொழையற அளவுக்கு ஒரு சந்து விடுறேன். பழத்தை அதுல குடுங்க."

"அப்ப யார்கூடப் பேசறது?"

"முட்டை சூடு ஆறாம இருக்கட்டுங்க. பேச்சு ஆறுனா ஒண்ணும் கெட்டுப்போகாது."

இன்னும் ஒன்று சொன்னாள். வரும்போது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், சிறகைச் சத்தமாக அடித்துக்கொண்டு வாருங்கள், எனக்குத் தெரிந்துகொள்ள அது போதும், ஆளைப் பார்க்க நான் எட்டியெட்டிப் பார்க்க வேண்டியிருக்காது என்றாள். மூக்கையன் தலையாட்டினான். கடைசி மண் உருண்டையை அவனே ஈரமாகக் கொண்டுவந்து கொடுத்தான்.

காடு முழுக்க இதே பேச்சாகிவிட்டது. வாசலை மண் வைத்து அடைத்துக்கொண்டாளாம், இதைவிட முள்ளம்பன்றி எவ்வளவோ தேவலை என்றார்கள். சுருளிக்குத்தான் ரொம்பக் கோபம். மரத்தடியில் நின்று, உள்ளே கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னாள்: "அவ்வளவு பெரிய மூக்கு இருந்தா கொஞ்சம் திமிரும் இருக்கத்தான் செய்யும்."

உள்ளே அலகாயிக்கு அது கேட்டது. வலித்தது. ஆனால் எழுந்து போய்ச் சமாதானம் சொல்ல வழியில்லை. வழியில்லாதது ஒருவிதத்தில் நிம்மதியாகவும் இருந்தது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். முடியவில்லை. வெளியே ஒரு குரலும் இல்லாமல் போன பிறகு, அலகாயிக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்க ஆரம்பித்தது. மந்திகள் சண்டை என்ன ஆனது? தெற்குச் சரிவில் அத்தி பழுத்திருக்குமா? சுருளி இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாளா? எழுந்துபோய்ச் சந்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது, இலைதான் ஆடும். திரும்பி வந்து உட்காருவாள். சற்று நேரத்தில் மறுபடி எழுவாள். ஒருநாள் கீழே எங்கோ எல்லோரும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. சந்து இன்னும் கொஞ்சம் பெரிதானால் நன்றாகத் தெரியுமே என்று அலகால் இரண்டு கொத்துக் கொத்தினாள். காய்ந்த மண் ஒரு துண்டு பெயர்ந்து உள்ளே விழுந்தது.

அந்த மண் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. யாரும் வாசலில் நிற்கவில்லை. தானே கட்டிய சுவரைத் தானே உள்ளேயிருந்து உடைத்திருக்கிறாள்.

அவளுக்கு முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு சிரிப்பு வந்தது. இத்தனை நாளும் குற்றம் பூராவையும் சுருளி தலையிலும் மூக்கையன் தலையிலும் கட்டியிருந்தோமே என்று நினைத்துக்கொண்டாள். பிறகு அந்தத் துண்டை நனைத்து மறுபடி ஒட்டினாள். இறக்கையைத் திருப்பி, பறப்பதற்கான பெரிய சிறகுகளை ஒவ்வொன்றாக அலகால் உருவினாள். பழுத்த இலை போல அவை தாமாகவே கழன்று வந்தன. எல்லாவற்றையும் முட்டைக்கு அடியில் பரப்பினாள். சிறகு இல்லாதவள் சுவரை உடைத்து எங்கே போவாள்? புதுச் சிறகு முளைக்கும்வரை அவளுக்குப் போக ஊரும் இல்லை, கேட்கச் சேதியும் இல்லை. மெத்தென்ற சிறகுகளின் மேல் முட்டை, முட்டையின் மேல் அவள். அவள் உண்மையாக உட்கார்ந்தது அன்றுதான்.

வெளியே மூக்கையன் ஆளே மாறிப்போனான். விடிந்தால் பழத்துக்குப் பறப்பான். காடே அதிர்கிற மாதிரி சிறகடித்துக்கொண்டு வருவான். சந்தில் அலகு நுனி தெரியும், பழத்தைக் கொடுப்பான். சொல்வதற்கு வாய் நிறையச் சேதி இருக்கும், ஆனாலும் விழுங்கிக்கொண்டு திரும்புவான். காட்டிலும் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. வழி கேட்கிறவர்கள் தாங்களே வழி கண்டுபிடித்தார்கள். பழம் தேடியவர்கள் மூக்கையன் பறக்கும் திசையைப் பார்த்துப் போனார்கள்.

சுருளி மட்டும் தினமும் வந்து, ஒன்றும் பேசாமல், எதிர்க்கிளையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போவாள். கோபமாக இருப்பதாகக் காட்டத்தான் வருகிறேன் என்று கேட்டவர்களிடம் சொன்னாள். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில், மண் சுவருக்குப் பின்னாலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. சுருளியின் வால் சிலிர்த்து நின்றது. காது கொடுத்துக் கேட்டாள். மறுபடியும் கீச். கோபமெல்லாம் மறந்து மரத்துக்கு மரம் தாவிக்கொண்டு ஓடினாள். மூக்கையனுக்குச் சேதி போய்ச் சேர்வதற்கு முன்பே பாதிக் காட்டுக்குத் தெரிந்துவிட்டது.

மழைக்கு இன்னும் நாள் இருந்தது. குஞ்சு வளர்ந்தது. அலகாயிக்குப் புதுச் சிறகுகள் முளைத்தன. ஒருநாள் அவள் சுவரைக் கொத்தி உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பளபளவென்று, கல்யாணப் பெண் போல இருந்தாள். மருத மரத்தடியில் நிற்க இடமில்லாத கூட்டம். அவள் நேராகச் சுருளியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லு. அந்த மந்திங்க சண்டை என்னாச்சு?"

சுருளி உடனே இறங்கி வரவில்லை. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, "அது எப்பவோ ராசியாயிடுச்சு. பலாப்பழம் அழுகி விழுந்துச்சு, சண்டையும் முடிஞ்சுச்சு" என்றாள். பிறகு தாங்கமாட்டாமல், "ஆனா நடுவுல என்ன நடந்துச்சு தெரியுமா மதினி" என்று பக்கத்தில் நகர்ந்து வந்தாள்.

அன்று அவர்கள் பொழுது சாயும்வரை பேசினார்கள். அலகாயி ஒருமுறைகூடப் பொந்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வேலையை முழுதாக முடித்துவிட்டு வந்து பேசுகிற பேச்சு இவ்வளவு இனிக்குமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே பின்னால் டொக், டொக் என்று சத்தம் கேட்டது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பாதி முளைத்த சிறகோடு குஞ்சு வாசலில் நின்றது. அம்மா உடைத்துப் போட்ட மண்ணை எடுத்துக் குழைத்து, தன் சின்ன அலகால் தட்டித் தட்டி, வாசலை மறுபடி அடைத்துக்கொண்டிருந்தது.

"ஏய், உன்னைப் பார்க்கத்தானே இத்தனை பேரும் வந்திருக்கோம்" என்றான் மூக்கையன்.

"எனக்கு இன்னும் சிறகு முளைக்கல. முளைச்சதும் வாரேன்" என்றது குஞ்சு, மூடப்போகிற சந்து வழியாக.

சுருளி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, எல்லோரையும் அடுத்த மரத்துக்குத் தள்ளிப்போகச் சொல்லி, ஓசைப்படாமல் முன்னால் நடந்தாள். மூக்கையன் பழம் தேடப் பறந்தான்.

அன்று முதல்தான் இருவாச்சிப் பெண் முட்டையிட்டதும் வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு, சிறகை உதிர்த்துவிட்டு உள்ளே உட்காருகிறது. அது வெளியே வந்த பிறகு, மிச்ச வேலைக்காகக் குஞ்சு தன் வாசலைத் தானே அடைத்துக்கொள்கிறது. பழம் கொண்டுவரும் ஆண் காடு அதிரச் சிறகடித்துக்கொண்டு வருகிறது. மலைக்காட்டில் உயர்ந்த மரமொன்றின் பொந்தில் மண்பூச்சும் நடுவே ஒரு சந்தும் உங்கள் கண்ணில் பட்டால், குரல் கொடுக்காமல் கடந்து போங்கள். உள்ளே ஒரு வேலை முடிந்துகொண்டிருக்கிறது.