அரசரின் கை தேடிய பை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாத ஒரு நாட்டை, வச்சிரபாகு என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். புதிதாக எதையாவது கண்டுவிட்டால் மட்டும் அவரைப் பிடித்து நிறுத்த முடியாது.

ஒருநாள் வடகடல் பக்கமிருந்து வந்த கப்பல் தலைவன் ஒருவன் அவருக்கு ஓர் உடுப்பைக் காணிக்கையாக வைத்தான். கட்டம் போட்ட கம்பளித் துணி. பின்னால் அடுக்கடுக்காக மடிப்பு. முழங்காலோடு நின்றுவிடும். அவன் நாட்டில் வீரர்கள் கட்டுவதாம். நம் வேட்டியைப் போல இடுப்பில் சுருட்டி எதையும் செருகிக்கொள்ள அதில் வழியில்லை. அதனால் முன்பக்கம் சங்கிலியில் தொங்கும் தோல்பை ஒன்றையும் கூடவே கொடுத்தான். அந்தப் பைக்கு ஆட்டுத் தாடி வேறு.

அரசர் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நாலு சுற்றுச் சுற்றினார். "அந்த நாட்டில் அரசர்களே தங்கள் பொருளைத் தாங்களே வைத்துக்கொள்கிறார்களாம். இனி என் வெற்றிலை என்னிடமே இருக்கும்" என்று அறிவித்தார். அந்த ஒரு வார்த்தையில் அடைப்பைக்காரர் சடையனுக்கு வேலை போயிற்று. இருபத்திரண்டு வருடம் அரசரின் வலப்பக்கம் வெற்றிலைப் பெட்டியோடு நின்றவர் அவர். பாவம், வேறு தொழில் தெரியாது.

ஆனால் நடக்கும்போதெல்லாம் பை அரசரின் தொடையில் இடித்தது. "இதைத் தொலையுங்கள்" என்று கழற்றி எறிந்தார். துணியிலேயே பை தைக்கலாம் என்றார் தளவாய் வில்லவராயர். தைத்தார்கள். இருபுறமும் புடைத்துக்கொண்டு, மடிப்பெல்லாம் கெட்டு, அரசர் இடுப்பில் பலாக்காய் கட்டியவர் போல நின்றார். அதற்கும் கோபம். தொங்கும் பைதான் சிறந்தது என்றார் பிரதானி அனந்தப்பர். சபை இரண்டாகப் பிரிந்து கத்தியது.

பிரதானிக்கும் தளவாய்க்கும் ஆகவே ஆகாது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே மனது: விகடகவி விடங்கனை ஒழித்துக்கட்ட வேண்டும்.

"அரசே, இதற்கு விடங்கர் தீர்ப்புச் சொல்வதே முறை" என்றார் பிரதானி.

"என் விருப்பமும் அதுவே" என்றார் தளவாய், முதல்முறையாக.

அரசர் விடங்கனைப் பார்த்தார். "நாளை உச்சிவேளைக்குள் எது சிறந்தது என்று சொல்லும். நான் ஒப்பாத தீர்ப்பாக இருந்தால் நீர் இந்த நாட்டில் இருக்க வேண்டாம்."

இரண்டில் எதைச் சொன்னாலும் அரசர் எரிந்து விழுவார் என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். விடங்கன் பணிந்து, "என் வாய் பிசகலாம் அரசே. இரண்டு பையிலும் வெற்றிலை நிரப்பி, அணிந்து வாருங்கள். தங்கள் கை தானாக எங்கே போகிறதோ, அதுவே தீர்ப்பு" என்றான்.

"என் கை சொல்வதை நான் ஒப்பாமல் இருப்பேனா? சம்மதம்" என்றார் அரசர்.

அன்று மாலை சடையன் விடங்கன் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"எனக்காக எதுவும் பேசிப்புடாதீங்க சாமி. உங்க பொழைப்பும் போயிடும்."

"நான் எங்கே பேசப்போறேன்? நீங்க நாளைக்குப் பெட்டியோட வந்து கடைசித் தூண்கிட்ட நில்லுங்கண்ணே. அது போதும்."

மறுநாள் அரசர் தொங்கும் பையும் தைத்த பைகளுமாக வந்து அமர்ந்தார். முதல் ஒரு நாழிகை தன் கையைத் தானே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணன் தம்பி வழக்கு ஒன்று வந்தது. மாமரம் அண்ணன் நிலத்தில். காய்க்கிற கிளையோ தம்பி கூரைமேல். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அரசர் நெற்றியைச் சுருக்கி யோசனையில் ஆழ்ந்தார்.

அப்போது அவருடைய வலக்கை மெல்ல எழுந்தது. முன்னால் தொங்கிய பையைத் தொடவில்லை. பக்கத்துப் பைக்கும் போகவில்லை. பக்கவாட்டில் நீண்டு, உள்ளங்கை விரிந்து, காற்றில் அப்படியே நின்றது.

"பை முன்னால் இருக்கிறது அரசே" என்றார் பிரதானி பதறிப்போய்.

"இடுப்பில், அரசே, இடுப்பில்" என்றார் தளவாய்.

"கையைத் திருத்த வேண்டாம், ஐயன்மீர்" என்றான் விடங்கன். "அது தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறது."

அரசர் தன் வெறுங்கையைப் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"சடையன் எங்கே?" என்றார் தணிந்த குரலில்.

கடைசித் தூணிலிருந்து சடையன் ஓடிவந்தார். அவசர அவசரமாகச் சுண்ணாம்பு தடவி வெற்றிலை மடித்து நீட்டினார். அரசர் வாங்கிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். தன் கையிலிருந்த பொற்கடகத்தைக் கழற்றி விடங்கனுக்கு அணிவித்தார். தொங்கும் பையைப் பிரதானியும், பை தைத்த உடுப்பைத் தளவாயும் ஒரு மாதம் அணிந்து சபைக்கு வர வேண்டும் என்று உத்தரவிட்டார்.

அந்தச் சபையில் அரசர் கையால் தாம்பூலம் பெறுவதுதான் பெரிய மரியாதை. படைத்தலைவர்கள் அதற்குத் தவம் கிடப்பார்கள். அரசர் அந்த வெற்றிலையைத் தாம் போட்டுக்கொள்ளாமல் சடையன் கையிலேயே கொடுத்து, "போட்டுக்கொள்ளும்" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு வெற்றிலைகூடத் தின்றறியாத சடையன் அதை வாயில் போட்டு மென்றார். கண்ணில் நீர் வழிந்தது. சபையே உருகிப்போய்ப் பார்த்தது.

"சுண்ணாம்பு கூடிப்போச்சு மகாராஜா" என்றார் சடையன்.