ஒன்றரை மணிக்கு ஒரு காபி

ராயபுரத்தில் ஒரு சந்து. குடியிருந்தவர்களையெல்லாம் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு விரட்டியாயிற்று. மிஞ்சியது கூழ் விற்கிற ரெஜினாவும் அவள் தள்ளுவண்டியும்தான். பிறகு கண்ணாடிக் கதவு போட்டு ஓர் அவகாடோ டோஸ்ட் கடை வந்தது.

ஒருநாள் காலை, கடை முதலாளி நிரஞ்சன் நாலு பேர் பார்க்க வெளியே வந்து கத்தினார்.

“வண்டியை எடும்மா! கருவாட்டு நாத்தம் தாங்கல. இந்தச் சந்துல உன் கூழைக் குடிக்க ஆள் ஏது? ஒருத்தரைக் காட்டு, அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்.”

ரெஜினா சந்தைப் பார்த்தாள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

“காட்டுறேன் சார். மத்தியானம் ஒன்றரைக்கு உங்க கடையில உக்காந்து நீங்களே ஒரு காபி கேளுங்க.”

“என் கடையில எனக்குக் காபி வராதா?” என்று சிரித்தார் நிரஞ்சன்.

ஒன்றரைக்குக் கேட்டார். வரவில்லை. மேசையைத் தட்டினார். அப்போதும் வரவில்லை. எழுந்து சமையற்கட்டுக்குள் போனார். அடுப்பு எரிந்தது, ஆளில்லை. பின்கதவு மட்டும் திறந்திருந்தது.

வெளியே ரெஜினாவின் வண்டி. அதைச் சுற்றி சமையல்காரர், பரிமாறுகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவள் என்று அத்தனை பேரும் கூழும் கையுமாக நின்றார்கள்.

“நீங்க ஒருத்தரைத்தான் கேட்டீங்க. மத்தவங்க குடிச்சிட்டு வந்து காபி போடுவாங்க சார்,” என்றாள் ரெஜினா.

நிரஞ்சன் வாயைத் திறக்கவில்லை. திரும்பி உள்ளே போனார். மீதிக் கூழை அப்படியே வைத்துவிட்டு ஆட்களும் பின்னாலேயே ஓடினார்கள். கதவு சாத்திக்கொண்டது.

அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்ட அவள் தோழி மும்தாஜ் இங்கே இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். அவள் வீடு இருந்த இடத்தில்தான் இந்தக் கடை நிற்கிறது.

சாத்திய கதவைப் பார்த்து, “கேட்டியாடி மும்தாஜ்?” என்றாள் ரெஜினா.