தலைகீழாக மாட்டச் சொன்ன வில்லை

வெகு காலத்துக்கு முன்பு ஆம்பல் நாட்டைக் குணபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் இட்லி மெத்தென்று இருந்தால் அன்று வரி தள்ளுபடி. கல்லாக இருந்தால் சமையற்காரரிலிருந்து சேனாதிபதி வரை எல்லோருக்கும் திட்டு.

அந்த நாட்டில் செப்பு வில்லை என்று ஒரு ஏற்பாடு இருந்தது. அரண்மனை முத்திரை பதித்த வில்லையைக் கடையில் காட்டினால் சாமான் கொடுத்துவிடுவார்கள். கடைக்காரருக்குக் கருவூலம் பணம் தந்துவிடும். சாமான் வாங்கியவர் அந்தப் பணத்தை மாதாமாதம் வட்டியோடு கருவூலத்தில் கட்ட வேண்டும்.

ஒவ்வொரு வில்லைக்கும் சபை மண்டபச் சுவரில் பெயர் பொறித்த ஓர் ஆணி உண்டு. ஒருவர் கணக்கை முடித்துக்கொண்டு போனால் அவர் வில்லையை அந்த ஆணியில் தலைகீழாக மாட்டுவார்கள். பொக்கிஷதார் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு அதன் கீழே ஒரு நாழிகை நின்று, அவர் ஏன் போனார் என்று சபைக்குச் சொல்ல வேண்டும். பழைய ராஜா வைத்த வழக்கம் அது. இப்போதைய பொக்கிஷதார் நஞ்சுண்டர் ஒரு நாள்கூட அப்படி நின்றதில்லை. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

ஒரு நாள் வண்டிக்காரி செங்கமலம் கருவூலத்துக்கு வந்தாள். வண்டிக்கு ஒரு ஜோடி காளை வாங்கிய வகையில் அவள் இன்னும் இருநூறு பணம் பாக்கி வைத்திருந்தாள். நூற்றுக்கு மாதம் மூன்று வட்டி.

"ஐயா, மாதம் எட்டுப் பணம் கட்டுகிறேன். ஆறு வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் இரண்டுதான் கழிகிறது. மழை இல்லாமல் வைக்கோல் விலையும் ஏறிவிட்டது. வட்டியைக் கொஞ்சம் குறைத்தால் பிழைத்துக்கொள்வேன்."

"முடியாவிட்டால் ஒரு காளையை விற்றுவிடேன்."

"ஒற்றைக் காளை எப்படி ஐயா ஜோடி வண்டியை இழுக்கும்? இன்னொரு பக்கம் நானா நிற்பது?"

"அது உன் சௌகரியம்" என்றார் நஞ்சுண்டர்.

விஷயம் மந்திரி அருமைநாயகத்தின் காதுக்கு எட்டியது. அவர் சபையில் எடுத்துச் சொன்னார். ராஜா வெற்றிலை போடும்போதெல்லாம் இந்த மந்திரியோடுதான் பேசுவார். அதனாலேயே நஞ்சுண்டருக்கு அவரைக் கண்டால் ஆகாது.

"மந்திரியாருக்கு இரக்கம் அதிகம், அரசே. கணக்குத்தான் கொஞ்சம் போதாது. கட்டாதவனுக்கு வட்டியைக் குறைத்தால் ஏதோ கொஞ்சமாவது கட்டுவான். அவள்தான் ஒழுங்காகக் கட்டுகிறாளே, அவளுக்கு எதற்குக் குறைக்க வேண்டும்?"

ராஜா மந்திரியைப் பார்த்தார். "கருவூலத்தில் தலையிட மாட்டேன் என்று இவருடைய அறுபதாம் கல்யாணத்தில் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்று செய்யும். நாளைச் சபை கலைவதற்குள் இவர் தம் வாயாலேயே வட்டியைக் குறைக்கும்படி செய்தால் என் முத்துமாலை உமக்கு. முடியாவிட்டால் உமது மீசை போய்விடும்."

"முத்துமாலை தேவையில்லை, அரசே. மீசையைப் பணயம் வைக்கிறேன்" என்றார் மந்திரி.

அரண்மனை வாசலில் காளைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த செங்கமலத்திடம் மந்திரி போனார்.

"அம்மா, தவணை எத்தனை தடவை தப்பியிருக்கிறீர்கள்?"

"பிள்ளை பெற்ற மாதம்கூட வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினேன், ஐயா. தப்பியதே இல்லை."

"ஆற்றுக்கு அக்கரையில் வணிகர் சங்கம் இருக்கிறதே, அங்கே கேட்டுப் பார்த்தீர்களா?"

"நமக்கு வில்லை இங்கேதானே?"

"கேட்பதற்குக் காசு இல்லை. கட்டிய ரசீதுகளை எடுத்துக்கொண்டு இன்றைக்கே போய் வாருங்கள். நாளைக்குச் சபையில் கெஞ்ச வேண்டாம்."

மறுநாள் செங்கமலம் வில்லையும் கையுமாகச் சபைக்கு வந்தாள். பின்னால் அக்கரைச் சங்கத்துக் கணக்கர் பணப்பையோடு நின்றார்.

"ஐயா, இந்தாருங்கள் வில்லை. கணக்கை முடித்துக்கொள்கிறேன். ஆணியில் மாட்டிவிடுங்கள்."

நஞ்சுண்டர் சிரித்தார். "இருநூறு பணம் வானத்திலிருந்து விழுந்ததா?"

கணக்கர் முன்னால் வந்தார். "எங்கள் சங்கம் கொடுக்கிறது. ரசீதுகளைப் பார்த்தோம். இப்படிக் கட்டுகிறவருக்கு நூற்றுக்கு ஒன்றரைதான் வட்டி. இவரைப் போல வேறு யாராவது இருந்தாலும் சொல்லுங்கள்."

அவ்வளவுதான். அன்று தவணை நாள்; மண்டபத்து ஓரத்தில் வரிசையில் நின்ற உப்பு வியாபாரி கழுத்தில் தொங்கிய வில்லையைக் கழற்றினார். "நானும் தப்பியதில்லை." நெசவுக்காரர் கழற்றினார். பின்னால் ஒருவர் "அக்கரைக்கு ஓடம் எப்போது?" என்று விசாரித்தார்.

மந்திரி மெல்லக் கேட்டார். "பொக்கிஷதாரே, ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் போய்விட்டால் மிச்சம் இருப்பது யார்?"

நஞ்சுண்டர் சுவரைப் பார்த்தார். மிச்சம் இருப்பவர்கள் கட்டாதவர்கள். அவர்களில் மூன்று பேர் அவருடைய மைத்துனர்கள்.

ராஜா எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஆணிக்கு ஒரு நாழிகை. பொங்கல் வரைக்கும் நிற்க வேண்டியிருக்கும் போலிருக்கிறதே, நஞ்சுண்டரே. சாப்பாடு இங்கேயே கொண்டுவரச் சொல்லட்டுமா?"

நஞ்சுண்டரின் கை தானாகத் தலைப்பாகைக்குப் போனது. பிறகு வில்லையைச் செங்கமலத்திடமே நீட்டினார்.

"அம்மா, இது உங்களிடமே இருக்கட்டும். நூற்றுக்கு ஒன்றரை."

"எனக்கு மட்டுமா, ஐயா?"

அவர் வரிசையைப் பார்த்தார். "ஒரு வருஷம் தவறாமல் கட்டிய எல்லோருக்கும்."

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். வேண்டாம் என்ற முத்துமாலையை மந்திரியின் கழுத்திலேயே போட்டார். அக்கரைக் கணக்கருக்கு வீண் அலைச்சலுக்காகப் பட்டுச் சால்வை. "வாக்குப்படி நான் தலையிடவில்லை" என்று நஞ்சுண்டரிடம் சொன்னார். "ஆனால் உமது மைத்துனர்கள் மூவரும் நாளைக்கு அந்த வரிசையில் நிற்கட்டும். நீர் பின்னால் நின்று தள்ளிவிடும்."

செங்கமலம் வெளியே வந்து வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து கணக்குப் போட்டாள். வட்டிக்கு இனி மூன்று பணம் போதும். மிஞ்சிய மூன்றில் ஒன்றுக்கு வைக்கோல் வாங்கினாள்.

விற்றுவிடலாம் என்று மனசுக்குள் குறித்து வைத்திருந்தது இடப்பக்கத்துக் காளையை. அதற்கு ஒரு பிடி கூடுதலாகப் போட்டாள். அது காரணம் கேட்காமல் தின்றது.

மந்திரி வீட்டுக்குப் போய் முதல் வேலையாகக் கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொண்டாராம். நமக்குத் தெரிந்த வரைக்கும் அது இன்னும் இருக்கிறது.