ஆலாத் தாய் தன் குஞ்சைக் கண்டுபிடித்த விதம்

அந்தக் காலத்தில், பறவையும் நண்டும் ஒரே பேச்சுப் பேசியபோது, கடல் நடுவே ஒரு மணல்திட்டில் ஆலாப் பறவைகள் நெருக்கியடித்துக்கொண்டு முட்டையிட்டன. எது யாருடைய குஞ்சு என்ற குழப்பம் வராதிருக்க, அந்தத் திட்டின் நண்டு ஒவ்வொரு குழிக்கும் ஓர் எண் கீறிவைத்தது. குஞ்சுக்கும் அதுவே பெயர். நுரைச்சி என்ற ஆலாவின் குஞ்சு ‘ஏழு’. அவள் மீனோடு வந்து “ஏழு!” என்றால் ஓடிவரும்.

ஒரு நாள் பெரும்புயல் அடித்தது. கடல் திட்டை விழுங்கத் தொடங்கியது. பெரியவை குஞ்சுகளை நீரில் இறக்கி, அலையோடு அலையாகப் பக்கத்துத் திட்டுக்கு ஓட்டின. அங்கே வேறு ஆலாக்கள் ஏற்கெனவே குடியிருந்தன. இரு கூட்டத்துக் குஞ்சுகளும் ஒன்றாகக் கலந்துபோயின.

நுரைச்சி மீன் பிடித்துவந்து “ஏழு!” என்று கூப்பிட்டாள். கொழுகொழுவென்று ஒரு குஞ்சு வந்து மீனை விழுங்கிவிட்டுப் போனது. அது அந்தத் திட்டின் ஏழு.

அவள் பதறிப்போய் அங்கிருந்த நண்டிடம் கேட்டாள்.

“என் ஏழு எங்கே, அண்ணே?”

“இங்கே ஒரு ஏழு முன்னாலேயே இருக்குதே, தாயி. வந்ததுக்கெல்லாம் புது எண் போட்டாச்சு.”

“என் பிள்ளைக்கு என்ன எண் போட்டீங்க?”

“எது உன் பிள்ளை?”

நுரைச்சி சுற்றிலும் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய மட்டும் எல்லாம் ஒரே சாம்பல் நிறக் குஞ்சுகள். தன் பிள்ளை பட்டினி கிடக்கிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

கண்ணை மூடினாள். முட்டை உடையுமுன்பே உள்ளிருந்து வந்த குரல் நினைவுக்கு வந்தது. மெலிதாக ஆரம்பித்து, நடுவில் உடைந்து, முடிவில் மேலே ஏறும் குரல். அதைக் கேட்டுக் கேட்டுத்தானே அவள் அடைகாத்தாள்! எண்ணை விட்டாள். கழுத்தை நிமிர்த்தி, அந்தக் குரலையே எழுப்பினாள். மற்ற ஆலாக்கள் வேடிக்கை பார்த்தன. அவள் விடாமல் கூவினாள்.

கடற்பாசிக் குவியலுக்கு அடியிலிருந்து அதே குரல், உயிரே இல்லாததுபோல், பதில் சொன்னது.

நுரைச்சி பாய்ந்தாள். தலை தூக்க முடியாமல் கிடந்த குஞ்சைக் கண்டதும், கடலில் இன்னொரு மீன் பிடித்துவந்து அதன் வாயில் ஊட்டினாள்.

“அடேயப்பா!” என்றது நண்டு. “நான் கீறினது இந்த மணலோடு சரி. நீ கண்டது எந்தக் கரைக்குப் போனாலும் பிள்ளையோடவே போகுமே, தாயி!” தான் கீறியதையெல்லாம் தன் காலாலேயே அழித்தது. மற்றத் தாய்களும் தத்தம் குஞ்சின் குரலைக் கூவ, திட்டு முழுக்கப் பதில் எழுந்தது.

மீனைக் கவ்விய ஆலா கூட்டத்தின் மேலே கத்தியபடி வட்டமிடுவதும், தன் குஞ்சு குரல் கொடுத்த பிறகே தரையில் இறங்குவதும் அன்று தொடங்கிய வழக்கம்தான்.