மூன்று முறை விழுந்த பிரேக்கர்

மாசிலாமணிக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருடைய குரு இன்பவல்லிக்கு முப்பத்தாறு. கோளாறு கண்டதும் கரண்டை வெட்டவைக்கும் ரிலேக்களைச் சோதிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று தெரிந்த நாளிலேயே, மில்லின் தலைமை எலக்ட்ரீஷியன் என்ற பந்தாவை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவளிடம் கற்கச் சேர்ந்துவிட்டார்.

அன்று காலை புது டிரான்ஸ்ஃபார்மருக்குக் கரண்ட் கொடுத்தார்கள். கொடுத்த கணமே எர்த் ஃபால்ட் ரிலே அலறி, பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்றது. மூன்று தடவையும் இதே கூத்து. கரண்ட் எங்கே தரைக்குக் கசிகிறது என்று அங்குலம் அங்குலமாகத் தேடியாயிற்று. ஒரு கோளாறும் இல்லை.

மாசிலாமணியின் போனும் மூன்று தடவை அடித்திருந்தது. மகள் பூங்கோதை. பேத்திக்குப் பேர் வைத்த அன்று மனிதர் மில்லே கதியென்று இருந்துவிட்டார். அந்தக் கோபத்தில் அவள் எடுத்த எடுப்பிலேயே கத்துவாள். இவர் உடனே கட் பண்ணிவிடுவார். எல்லாம் இன்பவல்லியின் கண்முன்னால்தான் நடந்தது. கடைசியாக வந்த மெசேஜையும் அவளிடம் காட்டினார்: 'இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடுவேன். அதோட சரி.'

"பேசாம இந்த ரிலேயைக் கழட்டிப் போட்டுருவோமா, டீச்சரம்மா?"

"நாளைக்கு நெசமாவே கசிஞ்சா, தொட்டவன் உயிர் போயிருமேண்ணே."

"அப்ப இது ஏன் சும்மா சும்மா விழுது?"

"சும்மா கெடந்த டிரான்ஸ்ஃபார்மர் மொதல்ல தாறுமாறாத்தான் கரண்டை இழுக்கும். அந்த வேகத்துல அளக்குற கருவி கொழம்பிரும். ரிலே அதைக் கசிவுன்னு நெனச்சு வெட்டிருது."

"கோளாறா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கோளாறுன்னா அடங்காது. இது தானா அடங்கிரும்."

அவள் ரிலேயின் பட்டன்களை அமுக்கி, அரை செகண்டு பொறுத்து வெட்டும்படி வைத்தாள். மாசிலாமணி கரண்ட் கொடுத்தார். டிரான்ஸ்ஃபார்மர் உறுமியது. மெல்ல உறுமல் தணிந்து சீரான ரீங்காரமானது. பிரேக்கர் விழவில்லை.

போன் அடித்தது. எடுக்கப்போன மாசிலாமணி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் எவ்வளவு நேரம் பொறுக்கணும்?"

"உங்களுக்கு வைக்க எங்கிட்ட பட்டன் இல்லண்ணே. எடுங்க."

எடுத்தார். பூங்கோதை கத்தினாள். அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். கத்தல் அழுகையாகி, அழுகை விசும்பலாகி, அதுவும் ஓய்ந்தது.

"சாப்டீங்களாப்பா?"