அழுங்கு தொடங்கிய ‘இது உனக்கில்லை’

பாறைக்குகையில் அழுங்கு என்ற எறும்புத்தின்னி படம் ஓட்டிக்கொண்டிருந்தது. பார்க்க மூன்று பேர் வந்திருந்தார்கள். அதில் உடும்பு தூங்கிவிட்டது.

நாவல்குளத்துக் காட்டில் படம் பார்க்க அந்தக் குகை ஒன்றுதான் இடம். தினமும் மதியம் ஒரு காட்சி. யாரோ விட்டுப்போன பழைய புரொஜெக்டரைத் துடைத்து, பழுது பார்த்து, பத்து வருடமாக அழுங்குதான் ஓட்டிவந்தது. குகையின் மூலையிலேயே அது படுத்துக்கொள்ளும். வேறு வீடு கிடையாது.

படம் முடிந்தபோது வாசலில் யானை நின்றது. காட்டில் எந்த இடம் யாருக்கு என்று முடிவு சொல்வது அந்த யானைதான்.

“வௌவால்கள் இடம் கேட்டு வந்திருக்காங்க. நூத்தைம்பது குடும்பம். மூணு பேருக்காக இவ்வளவு பெரிய குகையை எப்படி விட்டுவைக்கிறது?” என்றது யானை.

“பௌர்ணமி வரைக்கும் பொறுத்துக்குங்கம்மா.”

“சரி. அன்னைக்கு மதியம் வர்றேன். குகை நிறைஞ்சிருந்தா உனக்கு. இல்லைன்னா அவங்களுக்கு.”

பௌர்ணமிக்குப் பதினொரு நாள் இருந்தது.

கூட்டம் குறைந்ததற்குக் காரணம் நரி. காட்டில் இணையம் வந்து மூன்று மழைக்காலம் ஆகியிருந்தது. கோபுரத்தின்மேல் பருந்து உட்கார்ந்தால் போய்விடும், எழுந்தால் வரும். அதில் ‘உனக்கேற்றது’ என்று ஒரு வலைத்தளத்தை நரி நடத்தியது. யார் எந்தப் படம் பார்க்கலாம் என்று அது சொல்லும். கோரைப்பல் உள்ளவர்களுக்கு வேட்டைப் படம். குளம்பு உள்ளவர்களுக்கு ஓட்டப் படம். கரடிக்குத் தேன் படம்.

முதலில் எல்லோருக்கும் வசதியாகத்தான் இருந்தது. மான்கள் ஓட்டப் படம் ஓடும் நாளில் மட்டும் வந்தன. சிறுத்தை வேட்டைப் படத்துக்கு மட்டும் வந்தது. பிறகு அதற்கும் வரவில்லை. கரடி நாற்பத்தொரு தேன் படம் பார்த்தது. நாற்பத்திரண்டாவதன் இடைவேளையில் எழுந்து போனது, திரும்பவில்லை.

அழுங்கு தூக்கணாங்குருவியைத் தேடிப் போனது. காட்டில் வலைத்தளம் அமைக்கத் தெரிந்தது குருவி ஒன்றுதான்.

“நானும் ஒரு தளம் தொடங்கணும் தம்பி.”

“நரியாருக்குப் போட்டியாண்ணே? வேண்டாம். பாதிக் காடு அவர் பக்கம்.”

“போட்டி இல்ல. யாருக்கு எந்தப் படம் பொருந்தும்னு அவர் சொல்றார். யாருக்கு எது பொருந்தவே பொருந்தாதுன்னு நான் சொல்லப்போறேன்.”

குருவியின் அலகிலிருந்த நார் கீழே விழுந்தது. “அதை யாருண்ணே படிப்பாங்க?”

“நீ கடைசியா ரசிச்ச படம் எது?”

“‘ஒன்பது முடிச்சு’. கூடு கட்டுற படம்.”

“அப்படின்னா உனக்குப் பொருந்தாதது ‘குயிலின் வருடம்’. கதாநாயகன் ஒரு வேலையும் செய்யமாட்டான். கடைசி வரைக்கும் அடுத்தவன் வீட்டுலயே இருப்பான்.”

“கடைசில மாட்டிக்குவானா?”

“மாட்டமாட்டான். பாட்டுப் பாடுவான்.”

குருவிக்குச் சிறகு சிலிர்த்தது. “அக்கிரமம்ணே.” சற்று நேரம் நாரைப் பார்த்துக்கொண்டிருந்தது. “எப்ப போடுறீங்க?”

இரண்டு நாளில் தளம் தயாரானது. ‘இது உனக்கில்லை’ என்று பெயர் வைத்தார்கள். முதல் நாள் மூன்று குறிப்புகள் வந்தன.

‘சிறுத்தையாருக்கு: சிவந்த நகம் படத்தை நான்கு முறை பார்த்திருக்கிறீர்கள். எனவே புல் வளர்கிறது என்ற படம் உங்களுக்கில்லை. இரண்டு மணி நேரம் புல் வளர்கிறது. இடைவேளைக்குப் பிறகும் அதுதான்.’

‘மயிலுக்கு: ஆமையின் நடனம். கடைசிக் காட்சியில் ஆமை ஆடுவதாகச் சிலர் சொல்கிறார்கள். எனக்குச் சந்தேகம். வராதீர்கள்.’

‘மான்களுக்கு: நின்றால் என்ன. இந்தப் படத்தில் யாரும் ஓடுவதில்லை.’

குளத்தோரம் முழுக்க அன்று அதே பேச்சு. குரங்குகள் சிறுத்தையின் குறிப்பைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கிளை மாறின. சிறுத்தை கோபத்தோடு குகைக்கு வந்தது. அப்படி என்னதான் படம் என்று பார்க்க மான்களும் வந்தன. குகைக்குள் யாரும் யாரையும் துரத்தக் கூடாது என்பது பழைய ஏற்பாடு. ஆனால் இரண்டு கூட்டமும் ஒரே படத்துக்கு வந்ததில்லை என்பதால், அதற்கு அதுவரை வேலை இருக்கவில்லை.

‘புல் வளர்கிறது’ தொடங்கியது.

“எப்பதான் வளரும்?” என்றது சிறுத்தை.

“பொறுங்க. இப்பதானே மழை பெஞ்சிருக்கு,” என்றது பக்கத்திலிருந்த மான். அது திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஓரத்துல உயரமா நிக்குதே, அது?”

“கோரை. கசக்கும்.”

“நான் அதுக்குள்ளதான் பதுங்குவேன்.”

“தெரியும்,” என்றது மான்.

படம் முடியும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் கூட்டம் ஏறியது. தனக்கு என்ன பொருந்தாது என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆசை இருந்தது. குறிப்பு வராதவர்கள் குருவியின் கூட்டுக்கே வந்து கேட்டார்கள். “எனக்கு மட்டும் பொருந்தாத படமே இல்லையா?” என்று காட்டுப்பன்றி வருத்தப்பட்டது.

ஏழாம் நாள் கரடிக்குக் குறிப்பு வந்தது. ‘கரடியம்மாவுக்கு: முட்டை. ஒரு பறவை முட்டையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. தேன் கிடையாது. தேன் பற்றிய பேச்சும் கிடையாது.’

கரடி சிரித்துக்கொண்டே உள்ளே போனது. பாதிப் படம்வரை கத்திக் கேலி செய்தது. பிறகு சத்தத்தைக் காணோம். விளக்கு வந்தபோது அது அதே இடத்தில் இருந்தது.

“அந்தப் பறவை மழையில்கூட எழுந்திருக்கலையே,” என்றது.

“இல்லைங்க,” என்றது அழுங்கு.

“நாளைக்கும் இதைப் போடு.”

இதையெல்லாம் நரி கேள்விப்பட்டது. ‘உனக்கேற்றது’ பக்கம் யாரும் போவதில்லை என்பதும் அதற்குத் தெரிந்தது.

பௌர்ணமி வந்தது. மதியத்துக்கு முன்பே குகை நிறைந்துவிட்டது. வௌவால்கள் மூட்டை முடிச்சோடு வந்து கூரையில் தொங்கிக் காத்திருந்தன. யானை வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தது. அது வாயைத் திறப்பதற்குள் நரி எழுந்தது.

“இந்தக் கூட்டம் செல்லாதுங்கம்மா. பொய் சொல்லிச் சேர்த்த கூட்டம். பொருந்தாத படம்னு இவர் எழுதுறார். வர்றவங்க ரசிச்சுப் பார்க்கிறாங்க. அப்ப பொருந்தாததுன்னு சொன்னது மோசடிதானே?”

பலருக்கு அது நியாயமாகவே பட்டது.

அழுங்கு சுருண்டுகொண்டது. பயம் வந்தால் அதற்குத் தெரிந்தது அது ஒன்றுதான். தலையும் காலும் உள்ளே போய், செதில்கள் மூடி, ஒரு பலாப்பழம்போல் கிடந்தது.

“அண்ணே, சுருளாதீங்க,” என்று குருவி செதிலைக் கொத்தியது. “இப்ப சுருண்டா குகை போயிடும்.”

யானை கரடியைப் பார்த்தது. “நீ சொல்லு. ‘முட்டை’ உனக்குப் பொருந்திச்சா?”

“எங்க பொருந்துச்சு?” என்றது கரடி. “நான் அரைநாள் ஒரு இடத்துல உட்கார்ந்ததில்ல. என் குட்டி வளர்ந்து தனியாப் போனப்ப, எந்தப் பக்கம் போச்சுன்னுகூட திரும்பிப் பார்க்கல. எனக்கும் அந்தப் பறவைக்கும் சம்பந்தமே இல்ல. அதனாலதான் மறுபடி வந்தேன்.”

“பாருங்க,” என்றது நரி. “குழப்பிட்டார்.”

யானை நரியின் பக்கம் திரும்பியது. “ரெண்டு பேரும் எனக்குப் பொருந்தாத படம் ஒண்ணு சொல்லுங்க. நரி, நீ முதல்ல.”

நரி யானையின் தந்தத்தைப் பார்த்தது, காலைப் பார்த்தது. “எலிப் படம்.”

“எந்த எலிப் படம்?”

“எதுவானாலும். நீங்க பெரியவங்க, அது சின்னது.”

“எலிப் படம்னா எனக்கு உயிர். விடாமப் பார்ப்பேன்,” என்றது யானை. “நீ படமெல்லாம் பார்த்துத்தான் எழுதுறியா?”

“பேரைப் பார்ப்பேன். வர்றவங்க பல்லைப் பார்ப்பேன். அது போதும்.”

எல்லோரும் பலாப்பழத்தைப் பார்த்தார்கள். முதலில் ஒரு செதில் விலகியது. பிறகு மூக்கு வந்தது. அழுங்கு நிமிரவில்லை, தரையைப் பார்த்தபடியே பேசியது.

“உங்களுக்குப் பொருந்தாதது ‘பின்னால் வருபவள்’. அதுல ஒரு அம்மா கூட்டத்தோட கடைசியா நடப்பாங்க. எங்க போறோம்னு கேட்கமாட்டாங்க. முன்னால போறவங்க முதுகைப் பார்த்துக்கிட்டே நடப்பாங்க. வழியில ஒரு பூவைப் பார்த்து நின்னுடுவாங்க. யாரும் திட்டமாட்டாங்க.”

“அது எனக்கு ஏன் பொருந்தாது?”

“நீங்க தண்ணி குடிக்கிறப்பகூட எல்லாரும் குடிச்சாச்சான்னு எண்ணிட்டுத்தான் தும்பிக்கையை நனைக்கிறீங்க. எண்ணி முடிக்கிறதுக்குள்ள சில நாள் தண்ணி கலங்கிடுது. அதைத்தான் குடிக்கிறீங்க.”

யானையின் காதுகள் அசைவதை நிறுத்தின.

“நீ எப்பப் பார்த்த?”

“தினமும் காலையில ஒரு படம் முழுசாப் பார்ப்பேன். அப்புறம் குளத்தோரம் நாணலுக்குள்ள உட்கார்ந்து, வர்றவங்களைப் பார்ப்பேன். படமும் தெரியணும், ஆளும் தெரியணும். ரெண்டும் தெரியாம பொருந்தாததைக் கண்டுபிடிக்க முடியாதுங்கம்மா.”

நரி ஏதோ சொல்ல வந்தது. சிறுத்தை திரும்பிப் பார்த்ததும் உட்கார்ந்துகொண்டது.

“எவ்வளவு நேரம் ஓடும்?” என்றது யானை.

“ரெண்டேகால் மணி.”

கூரையிலிருந்து மூத்த வௌவால் குரல் கொடுத்தது. “எங்களுக்குத் தரை வேண்டாங்க, கூரை போதும். படத்தை மட்டும் நிறுத்திடாதீங்க. தலைகீழாப் பார்த்தாலும் புரியுது.”

முன்னால் உட்கார்ந்தால் மற்றவர்களுக்குத் திரை மறையும் என்று யானை கடைசி வரிசைக்குப் போனது. அங்கே உட்கார்ந்து பழக்கமில்லாததால் கொஞ்சம் தடுமாறியது. எதிரே வரிசை வரிசையாக முதுகுகள் தெரிந்தன. வழக்கம்போல் அவற்றை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டது.

“போடு,” என்றது.

அழுங்கு புரொஜெக்டரின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு விளக்கைப் போட்டது.

ஒருவரை நன்றாகக் கவனித்துச் செய்யும் கேலி, கவனிக்காமல் செய்யும் உபசாரத்தைவிட மேலானது.